ஆற்காட்டை வகுப்பறையில் விவாதிக்கப் போய் நான் பட்ட பாடு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் ஒரு வரி வரும். 1801 ஜூலை 31ஆம் தேதி ஏற்பட்ட கர்நாடக உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் தமிழகத்தை நேரடியாக ஆளத் தொடங்கினார்கள், பாளையக்காரர் முறை முடிவுக்கு வந்தது என்று. கட்டபொம்மன், மருது சகோதரர்கள் கதையெல்லாம் சொல்லி முடித்து, பாடம் அடங்குகிற இடத்தில் வருகிற வரி அது. பதினான்கு வருடமாகப் பிள்ளைகளை அதற்கு அடிக்கோடு போடச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். போன கல்வியாண்டில் மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், உடன்படிக்கைன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதானே? நாட்டையே எழுதிக் கொடுக்க நவாப் ஏன் ஒத்துக்கிட்டார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது முகம் சுட்டது. எங்கள் பள்ளியிலிருந்து வாலாஜா சாலை நடக்கிற தூரம். அந்த ஆற்காடு நவாப் குடும்பம் கட்டிய பெரிய மசூதியைத் தாண்டித்தான் பாதிப் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள். அவர் வாழ்ந்த அரண்மனை சேப்பாக்கத்தில் இன்னும் நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் நடந்த ஒன்றைப் பற்றி எனக்கு ஒரு வரிக்கு மேல் தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கன்னிமாரா நூலகத்தில் கொஞ்சம், இணையத்தில் கிடைக்கிற பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளில் மீதி. படிக்கப் படிக்க விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. நவாப் முகம்மது அலி வாலாஜா 1795ல் இறந்துபோகிறார். மகன் உம்தத்-உல்-உமரா பட்டத்துக்கு வருகிறார். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுகிறது, திப்பு இறக்கிறார். அரண்மனையில் கிடைத்த காகிதங்களில், அப்பாவும் மகனும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்பதற்கு அடையாளம் இருக்கிறது என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொல்கிறது. 1801 ஜூலையில் உம்தத் நோயில் படுத்திருக்கும்போதே கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனை வாசலுக்கு வந்துவிடுகிறது. 15ஆம் தேதி அவர் இறக்கிறார். மகன் அலி உசேனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த இளைஞர் மறுக்கிறார். உடனே உம்தத்தின் தம்பி மகன் அசீம்-உத்-தௌலாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அவர் ஒத்துக்கொள்கிறார். ஜூலை 31ல் கையெழுத்தாகிறது. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு, நிர்வாகமும் படையும் முழுக்கக் கம்பெனிக்கு. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மறுத்தவரை விட்டுவிட்டு, ஒத்துக்கொள்கிறவரைத் தேடி நவாப் ஆக்கினார்கள்.

ஆனால் கம்பெனி பக்கமும் ஒரு வழக்கு இருந்தது, அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. 1792ல் கார்ன்வாலிஸ் செய்த உடன்படிக்கைப்படி நவாப் வருடத்துக்கு 9 லட்சம் வராகன் (அந்தக் காலத்துப் பொன் நாணயம்) பாதுகாப்புச் செலவுக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்குப் பிணையாக நின்ற பகுதிகளையே கடன்காரர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. வரிக் குத்தகைக்காரர்கள் கையில் குடியானவர்கள் நசுங்கினார்கள் என்றும் சொன்னார்கள். சரி, அந்தக் கடன் யாரிடம் வாங்கியது என்று பார்த்தால், கணிசமான பகுதி பால் பென்ஃபீல்டு மாதிரியான கம்பெனி ஊழியர்களிடமே வாங்கியது. 1785ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றியே மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். 1808ல் இந்த இணைப்பும் அங்கே விவாதத்துக்கு வந்தது. அவர்களே சண்டை போட்ட விஷயத்தை நாம் ஒரு வரியில் முடித்துவிடுகிறோமே என்று தோன்றியது. இதைப் பாடமாகச் சொன்னால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும், பிள்ளைகளே விவாதிக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நடத்திய விதத்தில்தான் தவறு செய்தேன்.

முன்கூட்டி யாராவது எனக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பையனுடைய மனம் புண்பட்டிருக்காது. அதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் தவறு தலைப்பில் இருந்தது. "1801ல் கர்நாடகத்தைக் கம்பெனி இணைத்துக்கொண்டது சரியா, தவறா?" என்று வைத்தேன். இதில் இரண்டு கோளாறு. ஒன்று, "கர்நாடகம்" என்றதும் பிள்ளைகள் பக்கத்து மாநிலத்தை நினைத்துக்கொண்டார்கள். ஒரு குழு பெங்களூரையும் காவிரியையும் வைத்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் கர்நாடகம் என்று சொன்னது ஆற்காடு நவாபின் கையில் இருந்த இந்தக் கிழக்குக் கரைப் பகுதியை என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். எட்வர்ட் கிளைவும் அப்படித்தான். 1801ல் சென்னையில் ஆளுநராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன். பாதிப் பேர் பிளாசிப் போர் கிளைவ்தான் இவரும் என்று எழுதியிருந்தார்கள். பெயர்க் குழப்பம் வரும் என்று தெரிந்த இடங்களுக்கு ஒரு பீரியடைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அது வீண் நேரம் இல்லை. இரண்டாவது கோளாறு பெரியது. "சரியா தவறா" என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளை எவரும் வெள்ளைக்காரன் பக்கம் நிற்க மாட்டார். 46 பேரில் 39 பேர் "தவறு" பக்கம் கை தூக்கினார்கள். பதினாறு பேரை நானே பிடித்துக் கம்பெனி பக்கம் தள்ளினேன். தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பில் "துரோகி" என்று பட்டம் விழுந்தது. முதலில் அதை விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது ஆவணத் தொகுப்பு. படித்ததெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் ஆளுக்கு 16 பக்கம் ஜெராக்ஸ் எடுத்தேன். பெரும்பாலும் பழைய ஆங்கிலம், நடுநடுவே என் தமிழ்க் குறிப்பு. 46 பிள்ளைகளுக்கு 736 பக்கம், பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று 1,104 ரூபாய். அதில் நான்கு பக்கத்தைத் தாண்டிப் படித்தவர்கள் ஆறு ஏழு பேர் இருந்தால் அதிகம். மண்டபத்துக்கு மைக் செட் வாடகை 1,500, ஃபிளெக்ஸ் 900, கேடயமும் பரிசுப் புத்தகங்களும் 2,750, சமோசாவும் டீயும் 690. மொத்தம் 6,944 ரூபாய், எல்லாம் என் கையிலிருந்து. எச்.எம்.மிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன், அவர் செய்யுங்கள் என்றார். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அதனால் ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. பணத்தை விட எனக்கு வலித்தது, பிரச்சினை வந்தபோது "எனக்கு முழு விவரம் தெரியாது" என்று அவர் சொல்ல முடிந்ததுதான். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நான் முழு விவரம் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன தலைப்பு, எத்தனை பீரியட், என்ன ஆவணங்கள், பாடத்திட்டத்தின் எந்த வரிக்காக என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி யாராவது கேள்வி கேட்பார்கள், அது நிச்சயம்.

விவாத நாள் வந்தது. பிள்ளைகளுக்கு விவாதம் என்றால் பட்டிமன்றம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள். நடுவர் உண்டு, இரண்டு அணி உண்டு, எதிரணியை மடக்குகிற வரி உண்டு, கைதட்டு உண்டு. எனக்கும் பட்டிமன்றம் பிடிக்கும், சின்ன வயதில் மேடையேறியிருக்கிறேன். பிள்ளைகளுடைய மேடைப் பயத்தைப் போக்க அதைவிட நல்ல வழி இல்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அங்கே ஜெயிப்பது சொல்லின் அழகு. சாட்சியத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அன்றைக்கு அதுதான் நடந்தது. ஒருவரும் ஆவணத்தைத் தொடவில்லை. ஒரு பெண் கட்டபொம்மன் வசனத்தை முழங்கினாள், மண்டபம் அதிர்ந்தது. கட்டபொம்மன் 1799லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார் என்பதோ, அவரிடம் கேட்கப்பட்ட வரியே நவாபின் பேரில் வந்த வரி என்பதோ யாருக்கும் நினைவில்லை. எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. இருந்தாலும் பிள்ளைகளின் உற்சாகத்தைப் பார்த்து நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்துக் கம்பெனி அணியில் ஒரு பையன் எழுந்தான். நன்றாகப் பேசுவான். கட்டாயப்படுத்தி அந்தப் பக்கம் போட்டதில் அவனுக்கு வருத்தம், கைதட்டு வாங்கியே ஆக வேண்டும் என்ற வேகம். "வெள்ளைக்காரன் வந்தவன் என்கிறீர்கள், நவாப் மட்டும் இந்த ஊர்க்காரரா? அவரும் வந்தவர்தானே? வந்தவனிடமிருந்து வந்தவன் எடுத்தால் நமக்கென்ன?" என்றான். மண்டபம் எழுந்து கைதட்டியது. விசில் பறந்தது. எதிரணியில் நான்காவதாகப் பேச வேண்டியவன், இந்தப் பகுதியிலேயே பல தலைமுறையாக இருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன். கையில் தாளோடு மைக் முன்னால் வந்து நின்றான். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். நான் அதை மேடைக் கூச்சம் என்று நினைத்து, "பரவாயில்ல, அடுத்தவங்க வாங்க" என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த "பரவாயில்ல" என் காதில் கேட்கிறது.

மறுநாள் இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்தான். "மிஸ், நாங்க வந்தவங்களா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் இல்லைப்பா என்றேன். அந்தப் பதில் போதவில்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. சாயங்காலம் அவன் அப்பா வந்தார். அவரும் சத்தம் போடவில்லை. "மேடம், சரித்திரம் சொல்லிக் கொடுங்க, வேணாம்னு சொல்லல. பையன் நைட்டு சாப்பிடல, அதான் வந்தேன்" என்றார். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே வேறு இரண்டு பெற்றோர், பொதுத்தேர்வு வருடத்தில் இதற்கெல்லாம் நேரமா என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். மூன்று பீரியட் என்று திட்டமிட்டது ஏழு பீரியட் தின்றிருந்தது. எச்.எம். கூப்பிட்டார், விட்டுப்போன போர்ஷனை மூன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து முடித்தேன். இனி விவாதமே வேண்டாம், அடிக்கோடு போட்டுக்கொண்டே ஓய்வு பெற்றுவிடலாம் என்ற அளவுக்கு மனம் விட்டுப்போனது.

விடாமல் இருக்க வைத்தது அந்தப் பையனின் கேள்விதான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய பதிலை என் வாயால் சொன்னால் ஆறுதல் மாதிரிதான் இருக்கும். வகுப்பு முழுக்க உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தால்தான் அது பதிலாகும். வேறு ஊரில் கல்லூரியில் கற்பித்தல் முறைகள் எடுக்கிற என் பழைய தோழியிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவள்தான் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஜான்சன் சகோதரர்கள், டேவிட்டும் ரோஜரும், உருவாக்கிய ஒரு முறையைச் சொன்னாள். மேடையும் கிடையாது, நடுவரும் கிடையாது. நான்கு நான்கு பேராக உட்கார வேண்டும். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். ஒரு ஜோடி தன் வாதத்தைச் சாட்சியத்தோடு சொல்லும். மற்ற ஜோடி குறுக்கே பேசாமல் கேட்டு, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் பதில் பேசலாம். அப்புறம் பக்கம் மாற வேண்டும், இதுவரை எதிர்த்ததை இப்போது ஆதரித்துப் பேச வேண்டும். கடைசியில் பக்கத்தையே விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து ஒரு முடிவை எழுத வேண்டும், ஒத்துப்போகாத இடத்தையும் எழுத வேண்டும். கேட்டவுடனே எனக்குப் பிடிபட்டது, இதில் யாரும் நிரந்தரமாகத் துரோகி ஆக முடியாது. எல்லாரும் இரண்டு பக்கமும் நின்றுவிடுகிறார்கள்.

தலைப்பை மாற்றினேன். "1801 ஜூலையில், கையில் இருந்த சாட்சியங்களை வைத்துப் பார்த்தால், 1792 உடன்படிக்கையை ஒதுக்கிவிட்டு ஆட்சியை எடுத்துக்கொள்ளக் கம்பெனிக்குப் போதுமான காரணம் இருந்ததா?" நீளமான தலைப்புதான். ஆனால் இதில் யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி, வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் மனதில் நிறுத்தி, இந்தக் கேள்விக்குள் அந்தப் பிள்ளையின் சாதியோ மதமோ மொழியோ மாட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டினால் கேள்வியைக் குறுக்குங்கள். நாட்டை இணைத்த எந்தக் கதையை எடுத்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது. அங்கே தோற்றவர்களின் வாரிசுகளும் ஜெயித்தவர்களின் வாரிசுகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் இது வெறும் பேச்சும் இல்லை. 1855ல் வாரிசு இல்லை என்று டல்ஹௌசி நவாப் பட்டத்தையும் எடுத்த பிறகு, ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தோடு தொடர்ந்த அந்தக் குடும்பம் இன்றும் ராயப்பேட்டை அமீர் மகாலில்தான் இருக்கிறது.

16 பக்கத்தை 6 ஆக்கினேன். எல்லாம் தமிழில், நானே எளிமையாக்கி எழுதியது. முதல் தாள் 1792 உடன்படிக்கையின் முக்கியமான ஷரத்துகள். இரண்டாவது ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காகிதங்களின் சாரம். மூன்றாவது கடன்களைப் பற்றி பர்க் பேசியது. நான்காவது அலி உசேன் மறுத்த கதை. ஐந்தாவது 1801 உடன்படிக்கை. ஆறாவது, அதே 1801 ஜூன் 16ல் சின்ன மருது வெளியிட்ட திருச்சிப் பிரகடனம். இது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடப் புத்தகத்தில் பழக்கம், ஆனால் முழுசாகப் படித்ததில்லை. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தது நவாப் முகம்மது அலி செய்த முட்டாள்தனம் என்று அதில் திட்டும் இருக்கிறது. அதே சமயம் அது கூப்பிடுகிறவர்கள் பட்டியலில் பிராமணர் முதல் முசல்மான்கள் வரை எல்லாரும் இருக்கிறார்கள், உங்களுக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் நாடு போனது என்று சொல்கிறது. நவாபைத் திட்டுகிறவரே முஸ்லிம்களைத் தன் ஆட்களாகக் கூப்பிடுகிறார். எனக்கு வேண்டிய பதில் அந்த ஒரு தாளிலேயே இருந்தது. 276 பக்கம் ஜெராக்ஸ், 414 ரூபாய். இந்த முறை பள்ளியே கொடுத்தது, ஏனென்றால் எழுதிக் கொடுத்திருந்தேன். பெற்றோருக்கும் டைரியில் ஒரு குறிப்பு போனது, யார் வேண்டுமானாலும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று. யாரும் வரவில்லை. ஆனால் யாரும் கேள்வியும் கேட்கவில்லை.

தொடங்குவதற்கு முன்னால் முதல் விவாதத்தைப் பற்றி வகுப்பில் பேசினேன். அன்றைக்கு அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாதது என் தவறு என்று சொன்னேன். பேசிய பையனைச் சுட்டிக்காட்டவில்லை. அவனிடம் தனியாகப் பேசியிருந்தேன், அவனே போய் மனம் புண்பட்ட பையனிடம் பேசியிருக்கிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு நான்கே விதிகள். பேசுகிற ஒவ்வொரு வாதத்துக்கும் தாள் எண் சொல்ல வேண்டும். கைதட்டக் கூடாது. "நாம்", "அவர்கள்" என்று சொல்லாமல் கம்பெனி, நவாப், அலி உசேன் என்று பெயர் சொல்லித்தான் பேச வேண்டும். எதிர்ப்பக்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது விதி என் சொந்தச் சேர்க்கை. எல்லாவற்றிலும் அதிகம் வேலை செய்தது அதுதான். "நாம்" என்ற சொல் போனவுடனே பேச்சின் சூடு பாதி தணிந்துவிட்டது.

11 குழு, அதில் இரண்டில் ஐந்து பேர். முதல் இருபது நிமிடம் முணுமுணுப்பாகவே இருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் ஜன்னலோரக் குழுவிலிருந்து, நாங்க வந்தவங்களா என்று கேட்ட அந்தப் பையன் கை தூக்கினான். "மிஸ், ரெண்டாவது தாள்ல சொல்ற லெட்டர்லாம் நவாப் எழுதினதா? அவர் கையெழுத்து இருக்கா?" என்று கேட்டான். வகுப்பே இரண்டாவது தாளைப் புரட்டியது. அந்த வழக்கின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. 1792க்குப் பிறகு திப்புவின் இரண்டு மகன்கள் பிணைக் கைதிகளாகச் சென்னையில் இருந்தபோது கூட வந்த குலாம் அலி கான், அலி ராசா கான் என்ற இரண்டு தூதர்கள், நவாப் இப்படிச் சொன்னார், அப்படி அன்பு காட்டினார் என்று திப்புவுக்கு எழுதி அனுப்பியவைதான் அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை. நவாப் போட்ட திட்டம் என்று ஒன்றும் அதில் இல்லை. அதைப் படித்த ஜேம்ஸ் மில் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியரே இது நிரூபணம் ஆகாது என்று எழுதியிருக்கிறார். ஆனால் காகிதங்களோடு ஒரு சங்கேதச் சொற்பட்டியலும் கிடைத்தது, அதைத் தள்ள முடியாது. ஒன்றுமே இல்லையென்றால் சங்கேதம் எதற்கு என்று எதிர் ஜோடி கேட்டது, நியாயமான கேள்வி. அந்தப் பட்டியலில் நவாபுக்கு வைத்த பெயர் மனிதகுலத்தின் நலம்விரும்பி. ஆங்கிலேயருக்கு வைத்த பெயர் புதிதாக வந்தவர்கள். அந்த வரியை அவன் படித்ததை நான் பார்த்தேன். தலையை நிமிர்த்தி முதல் நாள் பேசிய பையனைப் பார்த்தான். அவனும் அதே வரியில்தான் விரல் வைத்திருந்தான். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதை நான் திட்டமிடவில்லை, திட்டமிட்டிருந்தாலும் வந்திருக்காது.

பக்கம் மாறுகிற இடம் சுலபமாக இருக்காது, தயாராக இருங்கள். சில பிள்ளைகள் முடியாது என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பெண் கண் கலங்கினாள், "நான் நம்பாததை எப்படி மிஸ் பேசுறது" என்று. நம்ப வேண்டாம்மா, அவர்கள் ஏன் நம்பினார்கள் என்று மட்டும் சொல் என்றேன். அந்த வாக்கியம் கை கொடுத்தது. வருடக்கணக்காக நம்பாத ஒன்றையும் பரீட்சைக்காக எழுதுகிறார்கள், அதை விட இது நேர்மையான வேலை. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், அப்புறம் நாடகமாகிவிடும். இன்னொன்று, முடிவை எழுதுகிற பீரியடைக் கட்டாயம் அதே நாளில் அல்லது மறுநாளே வைத்துவிடுங்கள். நடுவில் சனி ஞாயிறு வந்தால் பாதி மறந்துபோய்ப் பழைய கோபம் மட்டும் மிஞ்சும். எனக்கு மொத்தம் நான்கு பீரியட் ஆனது. தாள் படிக்க ஒன்று, பேச இரண்டு, எழுத ஒன்று.

மதிப்பெண்ணைப் பேச்சுக்குப் போடவில்லை, எழுத்துக்குத்தான் போட்டேன். பேச்சுக்குப் போட்டால் நன்றாகப் பேசுகிற நான்கு பேர்தான் வாங்குவார்கள், மறுபடி மேடை வந்துவிடும். எழுதும்போது எந்தத் தாளிலிருந்து எடுத்தாய், எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் எது, அதற்கு உன் பதில் என்ன என்று மூன்றை மட்டும் பார்த்தேன். அலி உசேனைப் பற்றி ஒரு குழு எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. அப்பா, தாத்தா மேல் குற்றச்சாட்டு, ஆனால் விலை கேட்டது பேரனிடம், குற்றம் சாட்டப்பட்ட இருவரும் இறந்த பிறகு விசாரணையில் யார் பதில் சொல்வது என்று. பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

ஒன்பது குழுக்கள் சாட்சியம் போதாது என்று எழுதின. இரண்டு குழுக்கள் போதும் என்று எழுதின. அந்த இரண்டில் ஒன்றில், மனம் புண்பட்ட அந்தப் பையனின் கையெழுத்தும் இருந்தது. எனக்கு நம்ப முடியவில்லை, கூப்பிட்டுக் கேட்டேன். காகிதம் எல்லாம் ஒன்றும் இல்லை மிஸ், ஆனால் பிணை வைத்த இடத்தின் வருமானத்தைக் கடன்காரனுக்குக் கொடுத்தது 1792 உடன்படிக்கையை மீறியதுதானே என்றான். பிறகு, "ஆனா ஃபுல்லா எடுத்தது டூ மச், அதையும் எழுதிருக்கோம் பாருங்க" என்று கடைசிப் பத்தியைக் காட்டினான். அவன் அப்பாவிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தனுப்பினேன்.

அரையாண்டுக்கு முந்தின வாரம் அனுமதி வாங்கி, ஒரு காலை வேளையில் 46 பேரையும் நடத்தி சேப்பாக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பையனின் அப்பாவும் இன்னும் மூன்று பெற்றோரும் துணைக்கு வந்தார்கள். உள்ளே போகவில்லை, அலுவலகங்கள் நடக்கிற இடம். 2012ல் தீப்பிடித்து எரிந்து, பிறகு புதுப்பித்த, அரண்மனையின் ஒரு பகுதியான கலசமகாலை வெளியிலிருந்தே பார்த்தோம். 1801 ஜூலையில் படை வந்து நின்ற வாசல் இந்தப் பக்கம்தானா என்று கேட்டார்கள். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன், இந்த முறை முகம் சுடவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு பெண் கேட்டாள், "மிஸ், அப்போ 1948ல ஐதராபாத்? 61ல கோவா? அதுவும் இதே மாதிரி பேசலாமா?" பேசலாம், ஆனால் அதற்குத் தனித் தாள்கள் வேண்டும், எனக்கு நேரம் கொடுங்கள் என்றேன். இந்தக் கோடை விடுமுறையை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதலில் கோவா.